தகட்டின் இரு பக்கம்

பயிற்சி தொடங்கிய ஒன்பதாம் நாள், காலை இடைவேளைக்கு இன்னும் கால் மணி நேரம் இருக்கும்போது, சில்லு நெட்டச்சியின் மூக்கை உடைத்தாள்.

கையில் இருந்தது உள்ளங்கைக்குள் அடங்கும் ஓர் எஃகுக் கட்டை. பட்டறையில் அதை ‘பார்’ என்பார்கள். விமானத்தின் தகடுகளை இணைக்கும் ரிவெட் ஆணியை அடிக்க இரண்டு பேர் வேண்டும். ஒருத்தி முன்பக்கம் நின்று, காற்றில் இயங்கும் துப்பாக்கியால் ரிவெட்டின் தலையை அடிப்பாள். இன்னொருத்தி பின்பக்கம் நின்று, ரிவெட்டின் வாலில் பாரை அழுத்திப் பிடித்துத் தாங்குவாள். அந்த அடியில் வால் நசுங்கிப் பரந்து தகட்டைக் கவ்விக்கொள்ளும். அன்று துப்பாக்கி நெட்டச்சியிடம், பார் சில்லுவிடம். சில்லு விரலை எடுப்பதற்குள் நெட்டச்சி விசையை அழுத்திவிட்டாள். கட்டைவிரல் நகம் பெயர்ந்து தொங்கியது.

நெட்டச்சி தகட்டுக்கு மேலாகத் தலையை நீட்டிப் பார்த்தாள். அவள் உயரத்துக்கு அது சுலபம்.

"உங்கண்ணன் எங்கண்ணனுக்கு ரெண்டு விரல எடுத்தான். உனக்கு ஒரு நகம்தான் போயிருக்கு. அதுக்கே மூஞ்சி இப்படிக் கோணுதா?"

சில்லு தகட்டைச் சுற்றிக்கொண்டு வந்தாள். நெட்டச்சியின் தோள் அளவுக்குக்கூட அவள் வரமாட்டாள். ஆனாலும் சிறு வயதில், கையில் அகப்பட்ட ஓட்டுச் சில்லை எடுத்துத் தன்னைவிடப் பெரியவர்கள் மண்டையில் குறி தவறாமல் வீசியதால் வந்த பெயர்தான் அவளுக்கு. குதிகாலை எக்கி, பார் இருந்த கையை வீசினாள். மூக்குத் தண்டு முறிந்த அதிர்வு அவள் முழங்கை வரைக்கும் ஏறியது. நெட்டச்சி விழவில்லை. ரத்தம் வாய்க்குள் வழிய, சில்லுவின் கழுத்தைப் பிடித்து மேசையோடு சாய்த்து அழுத்தினாள். மற்றப் பிள்ளைகள் ஓடிவந்து பிரிப்பதற்குள் சில்லுவுக்குக் கண் இருட்டிவிட்டது.

பயிற்சி கொடுக்கும் சார் கைக்குட்டையால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே வந்தார். அவருக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் அரைமில்லி. அரை மில்லிமீட்டர் பிசகினாலும் ரிவெட்டைத் துளைத்து எடுத்துவிட்டு மறுபடி அடிக்கச் சொல்லுவார். உலகத்தில் அவருக்குக் கோபம் வருகிற விஷயம் அது ஒன்றுதான் என்று எல்லோரும் நினைத்திருந்தார்கள்.

"என்னம்மா இது?"

நெட்டச்சி மூக்கைப் பொத்திக்கொண்டு சொன்னாள்: "கால் தடுக்கி மேசைல விழுந்துட்டேன் சார்."

"நீ?"

"தூக்கிவிட்டேன் சார்," என்றாள் சில்லு. அவள் கழுத்தில் நான்கு விரல் தடம் சிவப்பாகப் பதிந்திருந்தது.

அரைமில்லி இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். மறுபடியும் கண்ணாடியைத் துடைத்தார். "மேசை ரொம்ப முரடா இருக்கு போல," என்று சொல்லிவிட்டு முதலுதவிப் பெட்டியை எடுக்கப் போனார்.

உண்மையைச் சொல்லியிருந்தால் இருவருக்கும் அன்றே கதை முடிந்திருக்கும். ஊரின் விமான நிலையத்தை ஒட்டி ஒரு ரயில் பாதை ஓடுகிறது. பாதைக்கு அந்தப் பக்கம் நெட்டச்சி வீடு, இந்தப் பக்கம் சில்லு வீடு. அந்தப் பக்க ஆட்களுக்கும் இந்தப் பக்க ஆட்களுக்கும் நெடுநாள் பகை. இரண்டு பக்கத்துக் கூரைகளையும் உரசிக்கொண்டு போவதுபோலத்தான் விமானங்கள் இறங்கும். ஆனால் இரண்டு பக்கத்திலிருந்தும் ஒரு பிள்ளைகூட விமான நிலைய வேலிக்குள் துடைப்பம் பிடிக்காத வேலைக்குப் போனதில்லை. விமானம் பழுது பார்க்கும் நிறுவனம் ஒன்று, அப்படிப்பட்ட வீட்டுப் பிள்ளைகளுக்கென்றே ஒரு பயிற்சியைத் தொடங்கியது. ஒன்றரை வருடம், பிறகு அங்கேயே வேலை. முந்நூறு பேருக்கு மேல் நுழைவுத் தேர்வு எழுதினார்கள். எடுத்தது பதினாறு பேர். அதில் பெண்கள் நான்கு பேர். முதல் நாளே திட்ட அதிகாரி அம்மாள் மூன்று விதிகளைச் சொன்னார்: கைகலப்பு என்றால் வெளியே, குடித்துவிட்டு வந்தால் வெளியே, கருவி எதையாவது வாசலைத் தாண்டிக் கொண்டுபோனால் வெளியே.

மூன்றாவது விதி அங்கே சாமானிய விஷயம் இல்லை. ஒவ்வொரு கருவிக்கும் சுவர்ப் பலகையில் அதன் உருவம் கறுப்பாக வரையப்பட்டிருக்கும். மாலை ஐந்து மணிக்குக் கருவி அறைக்காரர் வந்து பார்ப்பார். ஓர் இடம் காலியாக இருந்தாலும் சங்கு ஊதும், வாசல்கள் மூடும். அந்தக் கருவி கிடைக்கும்வரை ஒரு விமானமும் நகராது. இன்ஜினுக்குள் மறந்து வைத்த ஒரு திருப்புளி நூறு உயிரை வாங்கிவிடும் என்பதால் அங்கே யாரும் இந்த விஷயத்தில் முகதாட்சண்யம் பார்ப்பதில்லை.

நெட்டச்சி காட்டிக்கொடுக்காததற்குக் காரணம் பெருந்தன்மை இல்லை. "உன்னை வெளிய அனுப்பிட்டா அப்புறம் யாரை அடிக்கிறது?" என்று அடுத்த வாரம் கழிப்பறையில் அவளே சொன்னாள். சொல்லிவிட்டு, சில்லுவின் பின்னந்தலையைப் பிடித்துக் கை கழுவும் தொட்டியின் விளிம்பில் மோதினாள். முன்பல் ஒன்று பாதியாக உடைந்தது. "இப்ப சரியாப் போச்சு," என்று குழாயைத் திறந்து தொட்டியைக் கழுவிவிட்டுப் போனாள்.

அதற்குப் பிறகும் அவர்கள்தான் ஜோடி. அரைமில்லிக்குத் தெரிந்தது உயரக் கணக்கு மட்டும்தான்: குள்ளமானவள் விமான உடலுக்குள் தவழ்ந்து போய்த் தாங்குவாள், நெட்டையானவள் வெளியே நின்று அடிப்பாள். மாற்றிக் கொடுங்கள் என்று கேட்டால் காரணம் சொல்ல வேண்டும். இருவரும் வாயை மூடிக்கொண்டார்கள்.

நான்கு மாதம் அவர்கள் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசத் தேவையும் இருக்கவில்லை. தகட்டுக்கு அந்தப் பக்கம் இருப்பவளின் முகம் தெரியாது, துப்பாக்கிச் சத்தத்தில் குரலும் கேட்காது. அதனால் பாரால் தட்டித்தான் சேதி சொல்லுவார்கள். ஒரு தட்டு, இன்னும் அடி. இரண்டு தட்டு, சரி. மூன்று தட்டு, கெட்டுப்போச்சு, எடுத்துவிடு. முதலில் வேண்டுமென்றே மூன்று தட்டுத் தட்டி நெட்டச்சியை அலைக்கழித்தாள் சில்லு. நெட்டச்சி வேண்டுமென்றே கூடுதலாக அடித்து அவள் மணிக்கட்டை உலுக்கினாள். ஆனால் நாளுக்கு முந்நூறு ரிவெட் என்று போய்க்கொண்டிருந்தால் பகையும் ஓரளவுக்கு மேல் கூடவே வராது போலும். எப்போது என்று தெரியாமலே இரண்டு தட்டு அதிகமாகிவிட்டது.

ஐந்தாம் மாதம் ஒரு மதியம். சோதனைக்குக் கொடுக்க வேண்டிய இறக்கைத் துண்டில் கடைசி வரிசை. ஒரு ரிவெட்டின் வால் ஓரத்தில் மயிரிழை போல வெடித்திருந்தது. சில்லு பார்த்தாள். எடுத்துவிட்டு மறுபடி அடிக்க நேரமில்லை. வெடிப்புத் தெரியாதபடி பெயிண்ட் பேனாவால் அதன்மேல் ஒரு பொட்டு வைத்துவிட்டு இரண்டு தட்டுத் தட்டினாள். ஒப்படைக்கும் முன் பின்பக்கம் வந்து பார்த்த நெட்டச்சி, அந்தப் பொட்டை நகத்தால் சுரண்டினாள். சுரண்டிய கையாலேயே சில்லுவின் கன்னத்தில் ஓங்கி ஓர் அறை விட்டாள்.

"இது என்ன உங்க வீட்டுக் கதவா? பேத்துக்கிட்டு வந்தா ஆணி அடிச்சு மாட்டிக்கிறதுக்கு? பறக்கிற சாமான்டி இது. இதுல குழந்தைங்க ஏறும்."

சில்லுவின் கை பாரை நோக்கிப் போனது. பாதியில் நின்றது. அவள் சொன்னதில் தப்பே இல்லை என்பதுதான் கன்னத்தைவிட அதிகமாக எரிந்தது. துளைக்கும் கருவியை எடுத்து அந்த ரிவெட்டை வெளியே எடுத்தாள். இருவருமாகப் புதிதாக அடித்தார்கள். நேரம் கடந்து ஒப்படைத்ததற்கு மதிப்பெண் குறைந்தது. ஆனால் அந்த வரிசையை உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பார்த்த அரைமில்லி, பிறவிப் பயன் அடைந்தவர் போல நின்றார்.

அதற்கப்புறம் கொஞ்சம் பேசினார்கள். வேலைப் பேச்சுதான். சாப்பாட்டு நேரத்தில் ஒரே மேசையில் எதிரெதிராக உட்கார்ந்து அவரவர் டப்பாவைப் பார்த்துச் சாப்பிட்டார்கள். ஒருநாள் நெட்டச்சி தானாகவே சொன்னாள்: "எங்கண்ணன் லேத்து மெக்கானிக். மூணு விரலை வச்சுக்கிட்டு லேத்துல நிக்க முடியாது. இப்ப சைக்கிள் பங்ச்சர் ஒட்டுறான்." சில்லுவுக்கு மன்னிப்புக் கேட்க வேண்டும் போல இருந்தது. தான் செய்யாததற்கு எப்படிக் கேட்பது என்று தெரியாமல் டப்பாவை மூடினாள்.

பதினோராம் மாதம் நிறுவனம் ஒரு செய்தித்தாள் அடித்தது. அதில் ‘சிறந்த ஜோடி’ என்று இருவர் படமும் வந்தது. பாரும் துப்பாக்கியுமாக, திருட்டு வழக்கில் போலீஸிடம் மாட்டியவர்கள் போல விறைத்துக்கொண்டு நின்றார்கள். சில்லு அதை மடித்துப் பையில் வைத்திருந்தாள்.

அந்தப் படத்தால்தான் வினை வந்தது.

ஒரு சனிக்கிழமை ரயில் பாதையில், சில்லுவின் அண்ணனுடைய கூட்டாளி ஒருவனை அந்தப் பக்கத்து ஆட்கள் வயிற்றில் குத்திவிட்டார்கள். ஞாயிறு மதியம் அண்ணன் இரண்டு பேரோடு வீட்டுக்கு வந்தான். சட்டையெல்லாம் காய்ந்த ரத்தம், கூட்டாளியைத் தூக்கிக்கொண்டு ஓடிய ரத்தம். அந்த இரண்டு பேரையும் வாசலில் நிற்க வைத்துவிட்டு உள்ளே வந்து கதவைச் சாத்தினான். கையில் அந்தச் செய்தித்தாள் இருந்தது.

"இவ அந்த ரெண்டு விரல் போனவன் தங்கச்சிதானே?"

"யாரு?"

"என் பொறுமையச் சோதிக்காதே. எந்த பஸ்ல போறா?"

"அவ என்ன பண்ணினா?"

"அவ ஒண்ணும் பண்ணல. குத்துனது அவ அண்ணன் ஆளுங்க. அவனுக்கு வலிக்கணும். அவளை விட்டா அவனுக்கு வேற யாரு இருக்கா?"

சில்லு வாயைத் திறக்கவில்லை. அண்ணன் அவள் முடியைச் சுருட்டிப் பிடித்து அலமாரிக் கதவில் மோதினான். கீழே விழுந்தவளை விலாவில் உதைத்தான். ஒரு உதை, இரண்டு உதை, மூச்சு உள்ளே போக மறுத்தது. பின்பக்கம் துணி துவைத்துக்கொண்டிருந்த அம்மா, "டேய், போதும்டா," என்றாள். எழுந்து வரவில்லை. துணியை அடிக்கிற சத்தம் மட்டும் கொஞ்ச நேரம் நின்று மறுபடியும் கேட்டது.

அண்ணன் அவள் வலது கையைப் பிடித்து இழுத்து, நிலைக்கும் கதவுக்கும் நடுவில் வைத்தான்.

"இந்தக் கையாலதானே பிளேன் செய்யறே? கதவைச் சாத்தவா?"

அவன் சாத்துவான். அவளுக்குத் தெரியும். கதவு நகர்ந்து தோலைத் தொட்டது. எலும்பு அழுந்தியது.

"அஞ்சு பத்து," என்றாள். "மேற்கு வாசல் நிறுத்தம்."

அண்ணன் கையை விட்டான். பக்கத்தில் உட்கார்ந்து, தன் சட்டை நுனியால் அவள் உதட்டு ரத்தத்தைத் துடைத்தான். "நீ அந்தப் பயிற்சிக்குப் போகணும்னு அம்மாகிட்ட நான்தானே சண்டை போட்டேன்? உன் நல்லதுக்குத்தானே எல்லாம்?" என்றான். அதுவும் உண்மைதான். விண்ணப்பத்தைக் கொண்டுவந்து கொடுத்தவனே அவன்தான். அதை நினைத்தபோது அவளுக்கு அடிபட்ட இடமெல்லாம் மறுபடி வலித்தது.

திங்கட்கிழமை நாள் முழுக்க அவளுக்குக் கை ஓடவில்லை. விலா வீங்கியிருந்ததால் விமான உடலுக்குள் தவழும்போது பல்லைக் கடித்துக்கொண்டாள். மூன்று தட்டு, மறுபடி மூன்று தட்டு. மதியம் மூன்று மணிக்கு நெட்டச்சி துப்பாக்கியை வைத்துவிட்டு, வேலைக்கென்று விட்டிருந்த திறப்பின் வழியே உள்ளே தலையை நுழைத்தாள்.

"என்னடி ஆச்சு உனக்கு? உதடு ஏன் அப்படி இருக்கு?"

சில்லு சொன்னாள். ஒன்றையும் மறைக்கவில்லை. கதவிடுக்கில் கை இருந்ததையும், கையைக் காப்பாற்ற நேரத்தைச் சொன்னதையும் சொன்னாள்.

நெட்டச்சி உள்ளே ஏறி வந்தாள். அவள் நிமிர அங்கே இடமில்லை. முட்டி போட்டபடியே சில்லுவின் முகத்தில் குத்தினாள், வீங்கிய விலாவில் குத்தினாள். சில்லு தடுக்கவில்லை. தகடுகள் டமடமவென்று அதிர்ந்தன. வெளியே இருந்தவர்கள் ரிவெட் வேலை நடக்கிறது என்று நினைத்திருப்பார்கள்.

கை ஓய்ந்ததும் நெட்டச்சி மூச்சு வாங்கியபடி கேட்டாள்: "எத்தனை பேரு?"

"மூணு பேரு. கத்தி இருக்கும். நீ இன்னிக்குப் போகாதே. சார்கிட்ட சொல்லிடுவோம்."

"சொல்லி? போலீஸ் வரும். நம்ம ரெண்டு பேர் பேரும் கேஸ்ல ஏறும். கேஸ்ல பேர் இருந்தா உள்ள வர்ற பாஸைக் குடுப்பானா? உங்கண்ணன் இன்னிக்கு இல்லேன்னா நாளைக்கு வருவான். வீட்டுக்கே வருவான்." அவள் தன் மூக்கின் கோணலைத் தடவிக்கொண்டாள். "வரட்டும். மூணு வருஷமா நானும் அவன் மூஞ்சியப் பாக்கணும்னுதான் இருக்கேன்."

ஐந்துக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது நெட்டச்சி கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்பினாள். சில்லு கருவிப் பலகையைத் துடைத்து வைக்கப் போனாள். பெரிய பாரின் இடம் காலியாக இருந்தது. கறுப்பு உருவம் மட்டும் பலகையில் தெரிந்தது. நெட்டச்சியின் பை வழக்கத்தைவிடக் கனத்துத் தொங்கியது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

அவள் அங்கே நின்ற நேரம் அரை நிமிடம் இருக்கலாம். பேசாமல் இருந்தால், பத்து நிமிடத்தில் சாலையில் ஒருத்தி செத்துக் கிடப்பாள், இல்லை ஒருவன் செத்துக் கிடப்பான். சொன்னால் சங்கு ஊதும், காவலர்கள் மேற்கு வாசலுக்கு ஓடுவார்கள். ஆனால் கருவியை வெளியே கொண்டுபோனவள் நெட்டச்சி. பதினோரு மாதம் அடித்த ரிவெட்டெல்லாம் அவளுக்கு அத்தோடு போயிற்று.

சில்லு கருவி அறையின் ஜன்னலைத் தட்டினாள்.

"அண்ணே, ஒரு பார் குறையுது. மேற்கு வாசல் பஸ் நிறுத்தத்துக்குப் போயிருக்கு. ஆள அனுப்புங்க, சீக்கிரம்."

அவர் வாயைத் திறப்பதற்குள் அவள் ஓடத் தொடங்கியிருந்தாள். வாசலைத் தாண்டிய பிறகுதான் முதுகுக்குப் பின்னால் சங்கு ஊதியது.

நிறுத்தத்தில் ஏற்கனவே தொடங்கிவிட்டது. பஸ்ஸுக்குக் காத்திருந்தவர்கள் சிதறி எதிர்ச் சாரிக்கு ஓடியிருந்தார்கள். ஒருவன் நெட்டச்சியின் முடியைப் பின்னாலிருந்து பிடித்திருந்தான். அண்ணன் வீசிய கத்தி அவள் தோளில் இறங்கி முழங்கை வரைக்கும் கிழித்திருந்தது. சட்டையின் அந்தப் பக்கம் முழுவதும் சிவப்பு. அவள் பின்னால் திரும்பாமலே பாரைத் தோளுக்கு மேலே வீசினாள். முடியைப் பிடித்திருந்தவனின் தாடை கழன்று ஒரு பக்கமாகத் தொங்கியது. அவன் முகத்தைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்தான். மூன்றாமவன் சங்குச் சத்தத்தைக் கேட்டானோ அந்தத் தாடையைப் பார்த்தானோ, திரும்பிப் பார்க்காமல் ஓடினான்.

சில்லு பாய்ந்து அண்ணனின் கத்திக் கையைக் கடித்தாள். பல் எலும்பில் இடிக்கும்வரை கடித்தாள். அவன் மற்றக் கையால் அவள் காதோடு சேர்த்து அறைந்தான். "நீயாடி?" என்று கேட்டான். உண்மையிலேயே ஆச்சரியப்பட்டவன் குரல் அது. கத்தி கீழே விழுந்தது. அவன் குனிவதற்குள் பார் அவன் முழங்காலில் இறங்கியது. அவன் மரம் போலச் சாய்ந்தான்.

நெட்டச்சி அவன் வலது கையைச் செருப்புக் காலால் மிதித்து, நடைபாதையின் கல் விளிம்பில் அழுத்தினாள்.

"நீ விரல எடுத்தது எங்கண்ணன் லேத்துல நின்ன கையில," என்றாள். குரல் உயரவே இல்லை. பாரை இறக்கினாள். ஒரு முறை. இன்னொரு முறை. விரல்கள் இருந்த இடத்தில் கூழ்தான் தெரிந்தது. அண்ணன் போட்ட சத்தத்தில் எதிர்ச் சாரியில் ஒரு பெண் தன் குழந்தையின் காதைப் பொத்தினாள்.

பிறகு நெட்டச்சி பாரை இரண்டு கையாலும் பிடித்துத் தலைக்கு மேலே தூக்கினாள். இந்த முறை கையைப் பார்க்கவில்லை, அவன் நெற்றியைப் பார்த்தாள்.

சில்லு அண்ணன் மேல் விழுந்தாள். இடது கையை விரித்து அவன் நெற்றியின் மேல் வைத்தாள். அண்ணனைக் காப்பாற்றவா, நெட்டச்சி கொலைகாரி ஆகாமல் தடுக்கவா என்று பின்னால் எத்தனையோ பேர் கேட்டார்கள். அவளுக்கே தெரியவில்லை. நெட்டச்சி பார்த்துவிட்டாள், இழுத்துப் பிடிக்கவும் பார்த்தாள். ஆனால் இறங்கத் தொடங்கிய இரும்பு நிற்குமா? பாதி வேகம் குறைந்து, அது சில்லுவின் புறங்கையில் விழுந்தது. எலும்புகள் நொறுங்கின.

காவலர்கள் வந்து சேர்ந்தபோது நெட்டச்சி நடைபாதையில் உட்கார்ந்திருந்தாள். பாரை மடியில் வைத்திருந்தாள். ஒரு காவலர் கையை நீட்டி அதைக் கேட்டார். அவள் சட்டை நுனியால் ரத்தத்தைத் துடைத்துவிட்டுக் கொடுத்தாள்.

விசாரணை இரண்டு இடத்தில் நடந்தது. காவல் நிலையத்தில் சில்லு, ஞாயிற்றுக்கிழமை நடந்ததிலிருந்து எல்லாவற்றையும் சொல்லி, கட்டுப் போடாத கையால் கையெழுத்துப் போட்டாள். அண்ணனுக்கு ஐந்து வருடச் சிறை கிடைத்தது. தற்காப்புக்காக அடித்தாள் என்று நெட்டச்சியை நீதிமன்றம் விட்டுவிட்டது. விரல்களை நசுக்கியது தற்காப்பா என்று எதிர்த்தரப்பு வக்கீல் கேட்டார். நீதிபதி நெட்டச்சியின் தோள் தையலை ஒரு தடவை பார்த்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போகச் சொன்னார்.

நிறுவனத்தின் விசாரணை அறையில் அவ்வளவு நேரம் பிடிக்கவில்லை. அரைமில்லி எழுந்து நின்று, தனக்கு இதுவரை கிடைத்ததிலேயே சிறந்த கை நெட்டச்சியுடையது என்றார். சொல்லும்போது குரல் இரண்டு தடவை உடைந்தது. திட்ட அதிகாரி அம்மாள் மேசையைப் பார்த்துக்கொண்டே, "கருவி வெளியே போயிருக்கு சார். அதுக்கு மேல நான் என்ன செய்யட்டும்?" என்றார். நெட்டச்சியை நீக்கினார்கள். சில்லு யார் மேலும் கை வைத்ததாகப் புகார் இல்லை. அவளை வைத்துக்கொண்டார்கள். அறையை விட்டு வெளியே போகும்போது நெட்டச்சி அவளைக் கடந்துதான் போனாள்.

வீட்டில் அம்மா சில்லுவின் துணிகளை ஒரு பையில் போட்டு வாசலில் வைத்திருந்தாள். "ஒருத்தன் ஜெயிலுக்குப் போயிட்டான், நீ ஒருத்தியாவது மிச்சம்னு நெனச்சேன். இல்ல," என்றாள். "அன்னிக்கு நீ எழுந்து வந்திருக்கலாம்மா," என்றாள் சில்லு. அம்மா உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். அது மறுபடி திறக்கவில்லை. கூடப் படித்த இன்னொரு பெண்ணோடு ஒரு சிறிய அறையில் சேர்ந்துகொண்டாள் சில்லு.

இடது கையில் இரண்டு விரல்கள் மடங்காமலே போயின. இனிமேல் பார் பிடிக்க முடியாது. மூன்று மாதம் கழித்துத் துப்பாக்கிப் பக்கம் வந்து, முதலிலிருந்து பழகினாள். பின்பக்கம் ஒரு புதுப் பையன் தாங்கினான். நல்லவன்தான், வாயை மூடமாட்டான். அவள் தேர்வில் தேறி, அதே நிறுவனத்தில், விமானங்களை நிறுத்திப் பழுது பார்க்கும் ஹேங்கரில், ஊழியர்களின் நீலச் சட்டை போட்டாள். அண்ணனைப் பார்க்கச் சிறைக்கு இரண்டு தடவை போனாள். இரண்டு தடவையும் அவன் வெளியே வர மறுத்துவிட்டான்.

நீக்கப்பட்டவர்கள் ஒரு வருடம் வேறு இடத்தில் ஒழுங்காக வேலை பார்த்த சான்றிதழோடு மறுபடி விண்ணப்பிக்கலாம் என்று விதிப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் ஒரு வரி இருந்தது. யாரும் படிக்காத பக்கம். சில்லு படித்தாள். நெட்டச்சி பஸ் கூடு கட்டும் பட்டறையில் ஒரு வருடமாக ரிவெட் அடிக்கிறாள் என்று அவளுக்குத் தெரியும். ஒரு விடுமுறை நாள் காலையில், வாழ்க்கையில் முதல் தடவையாக ரயில் பாதையைத் தாண்டி அந்தப் பக்கம் நடந்தாள். தெருவில் ஆட்கள் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். ஒருவன் அவள் காலடியில் துப்பினான். அவள் நிற்கவில்லை.

கதவைத் திறந்தவன் நெட்டச்சியின் அண்ணன். அவளை அடையாளம் தெரிந்து, வழியை விடாமல் நின்றான். உள்ளேயிருந்து நெட்டச்சி வந்தாள்.

"எதுக்கு வந்தே?"

"ஃபாரம் கொண்டு வந்திருக்கேன்."

நெட்டச்சி அதை வாங்கவில்லை. "என் பஸ் நேரத்தச் சொன்னது நீ. பார் குறையுதுன்னு சொன்னதும் நீ."

"ஆமா. ரெண்டு தடவையும் நான்தான்."

நெட்டச்சி அறைந்தாள். பழைய பலம் குறையவே இல்லை. சில்லு கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள், ஃபாரத்தைக் கீழே விடவில்லை. நெட்டச்சியின் பார்வை அந்தக் கையில், மடங்காமல் நீட்டிக்கொண்டிருந்த இரண்டு விரல்களில் விழுந்தது.

"உள்ள வந்து தொலை. தெருவே பாக்குது."

அண்ணன் ஒதுங்கி வழி விட்டான். யாரும் கேட்காமலே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுவிட்டு, பங்ச்சர் ஒட்டிக்கொண்டிருந்த டியூபை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனான். நெட்டச்சி தரையில் உட்கார்ந்து ஃபாரத்தை நிரப்பினாள். பாதியில் பேனா நின்றது.

"முன்னாடி ஏன் நீக்கினாங்கன்னு ஒரு கட்டம் இருக்கு. என்ன எழுத?"

"நடந்தத எழுது."

"நடந்தத எழுதினா எடுப்பாங்களா?"

"தெரியல. பொய் எழுதினா மட்டும் கண்டிப்பா எடுக்க மாட்டாங்க."

நெட்டச்சி எழுதினாள். கட்டம் போதாமல் பின்பக்கமும் எழுதினாள். அவளைத் திரும்ப எடுத்தது அந்தக் கட்டத்தாலா, அரைமில்லி பத்து நாள் திட்ட அதிகாரியின் அறை வாசலில் போய் நின்றதாலா என்று யாருக்கும் தெரியாது. அடுத்த குழுவில் எடுத்தார்கள். நேர்காணலில், அதே ஹேங்கரில் சில்லுவோடு வேலை பார்ப்பதில் ஆட்சேபம் உண்டா என்று அந்த அம்மாள் கேட்டாராம்.

"வேலைதானே மேடம்," என்றாளாம் நெட்டச்சி. "அவ ரிவெட் சரியா இருந்தா எனக்கு ஒரு ஆட்சேபமும் இல்ல."